கை மாறிய பெட்டிகள்: தென்காசிச் சீமையின் பழைய வாத்தியங்கள்

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தின் இசை வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் பாடியவர்களிடமிருந்தும் ரசித்தவர்களிடமிருந்தும்தான் தொடங்குவார்கள். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சி, செங்கோட்டை கிட்டப்பாவின் குரல், குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. வளர்த்த ரசனை என்று அந்த வரிசை நீளும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வரலாற்றில் விட்டுப்போன ஆள் ஒருவர் இருக்கிறார். பாடகருக்குப் பக்கத்தில் இருந்த வாத்தியம் எங்கிருந்து வந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எத்தனை முறை பிரித்து மூடப்பட்டது, ஒவ்வொரு முறையும் உள்ளே என்ன மாறியது என்று கேட்கத் தொடங்கினால்தான் அவர் கண்ணுக்குப் படுவார். பழைய வாத்தியத்தை விலைக்கு வாங்கியவர், விற்றவர், பழுது பார்த்தவர், தன் தேவைக்குத் தக்கபடி மாற்றியவர் ஆகியோரைத்தான் சொல்கிறேன். கடல் கடந்து வந்த வாத்தியம் எதுவும் புதிதாகக் கடையில் வாங்கப்பட்ட அன்றே நம்முடையதாகிவிடவில்லை. இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி, மூடி திறக்கப்பட்டு, உள்ளுறுப்பு மாற்றப்பட்ட பிறகுதான் அது இந்த மண்ணின் வாத்தியம் ஆயிற்று. ஆர்மோனியத்தின் கதை இதற்குப் பெரிய சாட்சி. அதற்கு முந்தைய வயலினும் பிந்தைய பேஸ் கித்தாரும் துணைச் சாட்சிகள்.

வயலின் கதை பலருக்கும் தெரிந்தது என்பதால் சுருக்கமாகச் சொல்லலாம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார்; பின்னர் எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக இருந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவையில் வயலின் வாசித்தார். 1834-ல் மன்னர் அவருக்குத் தந்த வேலைப்பாடு மிக்க வயலின் இன்றும் பேசப்படுகிறது. ஒன்று கிழக்கே கரிசல் சீமையின் சமஸ்தானம். மற்றது, அந்நாளில் செங்கோட்டையைத் தன் எல்லைக்குள் வைத்திருந்த மலையாள ராஜ்யம். தென்காசி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது அரசவைப் பரிசை அல்ல. நான்கு கம்பிகளின் சுருதி மாறியதை, நின்று தோளில் வைத்து வாசித்ததைத் தரையில் உட்கார்ந்து தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி வாசித்ததைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் ஐந்தைந்து சுரம் ஏறிக்கொண்டே போகும் அந்தக் கம்பிகள் இங்கே ஷட்ஜமம், பஞ்சமம், மறுபடி ஷட்ஜமம், பஞ்சமம் என்று நின்றன. மரத்தில் ஒரு கீறல்கூட விழாமல் வாத்தியத்தின் வேலையே மாறிப்போயிற்று. கைமாறிய வாத்தியத்தில் நம்மவர்கள் செய்த முதல் பெரிய மாற்றம் இதுதான்.

ஆர்மோனியத்துக்கு அந்த அளவு சுலபமான மாற்றம் போதவில்லை. 1840-ல் பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் டெபேன் உரிமம் பெற்ற ஆர்மோனியம், நாற்காலியில் உட்கார்ந்து இரு காலாலும் மிதித்துக் காற்றடித்து இரு கையாலும் வாசிக்கும் மேசை போன்ற வாத்தியம். தேவாலயத்துக்கும் வெள்ளைக்காரர் வீட்டுக் கூடத்துக்கும் அது பொருந்தியது. தரையில் உட்கார்ந்து பாடும் ஊருக்குப் பொருந்தவில்லை. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் என்ற வாத்தியத் தொழிலாளர் 1875-ல் தன் கம்பெனியைத் தொடங்கினார். அவரும் அவர் காலத்துத் தொழிலாளர்களும் காலை எடுத்துவிட்டு, துருத்தியைப் பெட்டியின் பின்பக்கம் வைத்து, ஒரு கையால் காற்றடித்து மறு கையால் வாசிக்கும்படி அதைச் சுருக்கினார்கள். நம்முடைய பாட்டுக்கு ஒரே சமயத்தில் பல சுரங்களை அழுத்த வேண்டியதில்லை. ஒரு கை போதும் என்ற அறிவுதான் அந்த மாற்றத்துக்கு அடிப்படை. பாடுகிறவருக்கு ஆதார சுருதி வேண்டும் என்பதால், இழுத்தால் நின்று ஒலிக்கும் சுருதி ரீடுகளும் (காற்றில் அதிரும் பித்தளை நாக்குகள்) பெட்டியில் ஏறின. ஆக, நம் ஊருக்கு வந்து சேரும்போதே ஆர்மோனியம் ஒருமுறை பிரித்து மாற்றப்பட்ட வாத்தியம். பிறகு நடந்தவை எல்லாம் அந்த வேலையின் தொடர்ச்சி.

வந்து சேர்ந்த வழி எது? திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவ சபைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேர் பிடித்திருந்தன. பெடல் ஆர்மோனியம் அவற்றோடு வந்தது. ஆனால் அது ஆலயத்துக்குள்ளேயே நின்றது. அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவை இரண்டு: நாடகமும் ரயிலும். திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கும், அங்கிருந்து மலையைக் குடைந்து கொல்லத்துக்கும் மீட்டர் கேஜ் பாதை ஓடத் தொடங்கியது 1904-ல். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் மண். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் அது தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஒரு ராஜ்யத்தின் கடைசி ஊரும் இன்னொரு மாகாணத்தின் முதல் ஊர்களும் ஒரே தண்டவாளத்தில் வந்தன. நாடகக் கம்பெனிக்கு இதைவிட நல்ல வசதி கிடையாது. திரைச்சீலை, உடுப்புப் பெட்டி, ஆர்மோனியம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஓர் ஊரில் முகாம் முடிந்ததும் அடுத்த ஊருக்குப் போகலாம். மாட்டு வண்டியில் குலுங்கிப் போனால் ரீடு தடம் மாறும், துருத்தித் தோல் கிழியும். பெட்டி நெடுந்தூரம் போய் வாசிக்கும் நிலையில் இறங்குவதற்கு ரயில் வழி செய்தது.

அந்தக் காலத்து மேடையைக் கட்டியவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). அவருடைய நாடகங்களில் வசனத்தைவிடப் பாட்டுக்கு வேலை அதிகம். அந்த மரபில் வளர்ந்தவர்தான் செங்கோட்டையில் 1906-ல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா. 27 வயதில், 1933-ல் மறைந்துவிட்ட அவருடைய குரலின் உயரத்தைப் பற்றி இன்றும் பேச்சு ஓயவில்லை. அந்தக் குரலுக்கு ஈடு கொடுத்த ஆர்மோனியக்காரர்களில் காதர் பாட்சாவின் பெயர் நாடக உலகில் தனித்து நிற்கிறது. ஒலிபெருக்கி பரவாத நாளில், ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் கொட்டகையின் கடைசி வரிசை வரை பாட்டும் சுருதியும் போய்ச் சேர வேண்டும். தம்புரா அங்கே கேட்காது, வீணையும் கேட்காது. ஆர்மோனியம் கேட்கும். ஸ்பெஷல் நாடகம் என்ற ஏற்பாடு வந்தபோது அதன் தேவை இன்னும் கூடியது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் மூன்றாவது ஊர். ஒத்திகை இல்லாமல் அன்றிரவே மேடையில் சந்திப்பார்கள். ஒவ்வொருவருடைய சுருதியும் வேறு. விடிய விடிய அவர்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு போகிற பொறுப்பு பெட்டிக்காரருடையது. நல்ல பெட்டி இல்லையென்றால் அவருக்குப் பிழைப்பில்லை.

அந்தப் பெட்டி அவருக்கு எப்படிக் கிடைத்திருக்கும்? இங்கேதான் பழைய வாத்திய வியாபாரம் வரலாற்றுக்குள் நுழைகிறது. புதுப்பெட்டி கல்கத்தாவிலோ சென்னையிலோ கிடைக்கும். ஆனால் ஒரு சீசனுக்கு இத்தனை நாடகம் என்று கைக்குக் காசு வரும் கலைஞருக்கு அது எளிதில் எட்டாது. கம்பெனி நொடித்தால் அதன் சாமான்கள் கடனுக்கு ஈடாகக் கைமாறும். 1931-ல் பேசும் படம் வந்த பிறகு நொடித்த கம்பெனிகள் கூடிக்கொண்டே போயின. அவற்றின் பெட்டிகள் மறைந்துபோகவில்லை. பஜனை மடம், பள்ளிக்கூடம், வில்லுப்பாட்டுக் குழு, பாட்டு வாத்தியார் வீடு என்று ஆர்மோனியம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இத்தனை இடங்களில் நிறைந்திருந்ததற்குப் புது உற்பத்தி மட்டும் காரணமாக இருக்க முடியாது. இன்னொரு காரணமும் பழைய பெட்டியின் மதிப்பை உயர்த்தியது. ரீடு ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்கு. இரண்டு உலகப் போர்களும் அந்த வரத்தை நெரித்தன; விடுதலைக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு அதை ஏறக்குறைய நிறுத்தியது. குஜராத்தில் பாலித்தானா போன்ற ஊர்கள் ரீடு செய்யும் ஊர்களாக வளர்ந்தன. என்றாலும் பழைய ‘பாரிஸ் ரீடு’, ‘ஜெர்மன் ரீடு’ என்ற பெயருக்கு இருந்த மவுசு குறையவில்லை. மரம் உளுத்துப்போன பெட்டியைக்கூட ரீடுக்காக விலைக்கு வாங்கினார்கள். உள்ளே இருந்த பித்தளையைக் கழற்றிப் புதுத் தேக்குப் பெட்டியில் பொருத்தினார்கள். பெட்டி புதுசு, குரல் பழசு. இப்படி மறுபிறவி எடுத்த வாத்தியத்தை எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று எப்படிச் சொல்வது?

பழைய பெட்டியை வாங்க வருகிறவர் என்ன பார்ப்பார் என்று கவனித்தால் இந்தத் தொழிலின் அறிவு புரியும். முதலில் துருத்தியை முழுக்க நிறைத்துவிட்டுக் கட்டை எதையும் அழுத்தாமல் விடுவார். காற்று எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில் தோலின் நிலையும் மூட்டுகளின் நிலையும் தெரிந்துவிடும். எதையும் அழுத்தாதபோதே ஏதாவது ஒரு சுரம் முனகினால் கட்டைக்கு அடியில் அடைப்புத் தோல் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். பிறகு மேல்பலகையைக் கழற்றிக் கட்டைகளின் கம்பி வில்லைப் பார்ப்பார். கடைசியில் ரீடு. மூன்று ஸ்தாயிப் பெட்டி என்றால் 37 கட்டை; இரட்டை ரீடு என்றால் 74 பித்தளை நாக்குகள். ஒவ்வொரு நாக்கும் ஒரு பித்தளைத் தகட்டில் ஒரு பக்கம் மட்டும் அறையப்பட்டு, மறுபக்கம் மயிரிழை இடைவெளியில் அதிர வேண்டும். சுருதி இறங்கிப்போன ரீடின் நுனியை மெல்லச் சுரண்டினால் எடை குறைந்து சுருதி ஏறும். ஏறிப்போன ரீடின் அடியைச் சுரண்டினால் நாக்கு தளர்ந்து சுருதி இறங்கும். ஒரு இழுப்பு கூடினால் மறுமுனையையும் சுரண்ட வேண்டிவரும். எடுத்த பித்தளையை ஒட்டவைக்க வழியில்லை. காதை நம்பி, கையை அடக்கி, 74 முறை அந்த வேலையைச் செய்தவருக்கு எந்த இசைக் கல்லூரியும் பட்டம் கொடுத்ததில்லை. குற்றாலச் சீமையில் இந்த வேலை மற்ற இடங்களைவிட அடிக்கடி வரும். ஜூன் தொடங்கிச் சாரல் மலையிறங்கி வரும்போது மரம் உப்பிக் கட்டைகள் ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னொரு முறை. பங்குனி சித்திரை வெயிலில் அதே மரம் சுருங்கிக் காற்று கசியும். பித்தளையில் களிம்பு ஏறும். ஊருக்கு ஆகிவந்த அந்த ஈரக்காற்று பெட்டிக்கு ஆகாது. ஆகையால் வாத்தியம் வாங்குவது ஒருமுறை முடிகிற காரியமாக இங்கே இருந்ததில்லை. வாங்கியவரும் பழுது பார்ப்பவரும் ஆண்டுதோறும் சந்திக்க வேண்டியிருந்தது.

பழுது பார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் இடையே கோடு கிழிக்க முடியாது. ரீடைச் சுரண்டுகிறவர் பழைய சுருதிக்கே கொண்டுபோக வேண்டும் என்று கட்டாயமில்லை. பன்னிரண்டு சுரங்களையும் சமமாகப் பங்கிட்ட ஐரோப்பிய அளவில் அந்தர காந்தாரம் 400 சென்டில் நிற்கும். தம்புராவில் இயல்பாக எழும் அந்தர காந்தாரம் ஏறத்தாழ 386 சென்ட். பதினான்கு சென்ட் வித்தியாசம் பழகிய காதுக்கு நன்றாகத் தெரியும். அந்த ரீடின் அடியை இரண்டு இழுப்புச் சுரண்டி இறக்கி வைத்தால், ஒரே சுருதியில் பாடுகிறவருக்குப் பெட்டி இணக்கமாகிவிடும்; பதிலுக்கு வேறு சுருதிகளில் வாசிக்க அது உதவாது. இந்தப் பேரத்தைத் தெரிந்தே செய்தவர்கள் உண்டு. இன்னும் துணிந்தவர்கள் கட்டைகளையே நீக்கிவிட்டார்கள். ரீடும் துருத்தியும் மட்டும் மிஞ்சிய அந்தச் சிறு பெட்டிதான் சுருதிப்பெட்டி. கச்சேரி மேடையில் தம்புராவின் இடத்திலும், மேளத்தில் ஒத்து ஊதுகிறவரின் இடத்திலும் அது போய் உட்கார்ந்தது. ஆர்மோனியத்தைச் சேர்க்கவே மாட்டோம் என்ற கச்சேரி உலகம், அதன் உள்ளுறுப்பை இப்படி ஏற்றுக்கொண்டது. பாடகர்கள் தம் சுருதியை ஒரு கட்டை, ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று சொல்வதும் அந்தப் பெட்டி விட்டுச்சென்ற கணக்குத்தான். தென்காசிப் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் வில்லு, குடம், உடுக்கை, தாளம் ஆகியவற்றோடு ஆர்மோனியமும் சேர்ந்துவிட்டது. அம்மன் கதைக்கு அது அந்நியம் என்று கேட்பவர் எவரும் நினைப்பதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, இதற்கு எதிரான பெரிய வாதத்தை மறைக்கக் கூடாது. அந்த வாதத்தைச் சொன்னவர்கள் சாதாரணமானவர்கள் அல்ல. பாரதி தன் சங்கீத விஷயம் என்ற கட்டுரையில் ஆர்மோனியத்தைக் கடுமையாகக் கண்டித்தார். அவர் 1918 முதல் 1920 வரை வாழ்ந்த கடையம் இன்றைய தென்காசி மாவட்டத்து ஊர். அவர் கண்டித்த வாத்தியமோ அந்தச் சீமையின் நாடக மேடைகளில் கொடிகட்டிப் பறந்தது. அகில இந்திய வானொலியில் மேனாட்டு இசைப் பிரிவில் பணியாற்றிய ஜான் ஃபோல்ட்ஸ் 1938-ல் ஆர்மோனியத்துக்கு எதிராக எழுதினார். 1940 தொடக்கத்தில் தாகூரும் அதை வானொலியிலிருந்து விலக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு மார்ச்சில் வானொலி அதைத் தடை செய்தது. 1971-ல்தான் அந்தத் தடை தளரத் தொடங்கியது. அவர்கள் வாதம் வலுவானது. நம்முடைய இசையின் உயிர் கமகம். சுரம் நின்ற இடத்தில் நிற்காமல் அசைய வேண்டும், வழுக்க வேண்டும், நடுங்க வேண்டும். ஆர்மோனியத்தின் கட்டையை அழுத்தினால் சுரம் உண்டு, விட்டால் இல்லை. நடுவில் எதுவும் கிடையாது. அந்தப் பெட்டியோடு பழகிய குழந்தையின் காது அந்த நடு இடத்தை இழந்துவிடும் என்று அஞ்சினார்கள்.

அச்சம் நியாயமானது, ஆனால் அது வாத்தியத்தைத் தொழிற்சாலையில் வந்தபடியே பார்க்கிறது. இந்தச் சீமையின் பெட்டிக்காரர்கள் அதை வந்தபடியே வாசிக்கவில்லை. கட்டையை முழுக்க அழுத்தாமல் விரலால் தடவிப் பக்கத்துச் சுரத்தைத் தொட்டு மீள்வது, துருத்தியின் அழுத்தத்தை ஏற்றி இறக்கி நாதத்தை வளர்த்துத் தணிப்பது, பாடகர் கமகம் பிடிக்கும் இடத்தில் ஒதுங்கிச் சுருதியை மட்டும் தாங்குவது என்று அவர்கள் ஒரு வாசிப்பு முறையையே உண்டாக்கினார்கள். கிட்டப்பாவின் இசைத்தட்டுகளில் பாட்டோடு பெட்டியும் கேட்கிறது. அந்தக் குரலின் பிருகாக்களைப் பெட்டி கெடுத்துவிட்டது என்று யாரும் சொன்னதில்லை. மேலும், தடை நீடித்த முப்பது ஆண்டுகளில் ஆர்மோனியம் அழியவில்லை; வானொலி நிலையத்துக்கு வெளியே, கொட்டகையிலும் கோயில் கொடையிலும் அது பிழைத்துக்கொண்டது. மேலே இருந்தவர்களின் ஆதரவால் வாழ்கிற பொருளாக இருந்திருந்தால் அன்றே போயிருக்கும். அதை வாழவைத்தது பழைய பெட்டியைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கைகள். பாரதியும் தாகூரும் எழுப்பிய கேள்விக்கு ரீடைச் சுரண்டியவர் தன் தொழிலாலேயே பாதிப் பதில் சொல்லியிருக்கிறார். மீதிப் பாதிக்கு, கமகத்தைப் பெட்டியால் முழுக்கத் தர முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். மாற்றத்துக்கும் எல்லை உண்டு.

ஆர்மோனியத்தில் ‘பேஸ்’ என்று ஒரு ரீடு வரிசை உண்டு. நீண்ட நாக்கு, கனத்த குரல். பாட்டுக்கு அடியில் அது தந்த ஆழத்தைப் பின்னாளில் மெல்லிசை மேடையில் தந்தது பேஸ் கித்தார். 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் விற்கத் தொடங்கிய அந்த வாத்தியத்தின் கம்பி நீளம் 34 அங்குலம். ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தவர்களுக்குத் தோளில் மாட்டும் மாற்றாக அது வந்தது; கழுத்தில் பிரெட் என்ற குறுக்குக் கம்பிகளை வைத்ததால் சுரம் பிசகாது என்பதே அதன் விளம்பரம். 1976-ல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகப் பாடித் திரிந்து வளர்ந்தவர். அவர் பாடல்களில் பேஸ் கித்தார் தாளத்துக்கு முட்டுக்கொடுப்பதோடு நிற்காமல், அடியில் தனக்கென ஒரு மெட்டு பாடிக்கொண்டு போயிற்று. சசிதரன் வாசித்த அந்த வரிகளை ரசிகர்கள் தனியாக முணுமுணுக்கிறார்கள். அந்தப் பாடல்களை மேடையில் பாட வேண்டிய மெல்லிசைக் குழுவுக்கு ஆர்கனும் டிரம்ஸும் மட்டும் போதாது, பேஸ் கித்தாரும் வேண்டும் என்றாயிற்று. திருவிழா மேடை, திருமண வரவேற்பு, சீசன் நேரத்துக் கச்சேரி என்று தேவை கூடியது; 1991-க்கு முன் இறக்குமதி உரிமமும் சுங்க வரியும் வெளிநாட்டு வாத்தியத்தை எட்டாக் கனியாக வைத்திருந்தன. அந்தச் சூழலில் கல்கத்தாவில் செய்யப்பட்ட கித்தாரும், ஏற்கெனவே ஒருவர் வாசித்துக் கைவிட்ட கித்தாருமே எளிய குழுக்களுக்கு இருந்த வழிகள். நாடகப் பெட்டி போன பாதையில்தான் இதுவும் போயிற்று.

பழைய பேஸ் கித்தாரைச் சோதிக்கிற முறையும் பெட்டியைச் சோதிக்கிற முறைக்கு உறவுதான். கம்பியை முதல் பிரெட்டிலும் கடைசிப் பிரெட்டிலும் ஒருசேர அழுத்தி, நடுவில் கம்பிக்கும் பிரெட்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்த்தால் கழுத்து வளைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். மயிரிழை இடைவெளி நல்லது, விரல் நுழைந்தால் ஆபத்து. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருகி அதை நிமிர்த்தலாம். திருகு ஏற்கெனவே இறுதிவரை முறுக்கப்பட்டிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்க வேண்டும். பன்னிரண்டாவது பிரெட்டில் விரலை லேசாகத் தொட்டு எழுப்பும் நாதமும் அங்கேயே அழுத்தி எழுப்பும் நாதமும் ஒத்துப்போக வேண்டும்; ஒத்துப்போகாவிட்டால் பிரிட்ஜை நகர்த்த வேண்டும். குமிழைத் திருகும்போது கரகர என்றால் உள்ளே சுத்தம் செய்தாலோ புதுசு போட்டாலோ தீர்ந்தது. மாற்றம் செய்யத் துணிகிறவர் பிரெட்டையே பிடுங்கிவிடுவார். அமெரிக்கரான ஜாக்கோ பாஸ்டோரியஸ் 1962-ஆம் ஆண்டுப் பழைய ஃபெண்டர் ஜாஸ் பேஸில் பிரெட் இல்லாத கழுத்தைத் தன் குரலாக்கிக்கொண்டார். பிரெட் இருந்த பள்ளங்களை நிரப்பி, படகுக்குப் பூசும் எபாக்ஸியை மேலே பூசியிருந்தது. அதை உலகம் கேட்ட அவருடைய முதல் இசைத்தட்டு வந்ததும் 1976-ல்தான். பிரெட் போனால் சுரத்துக்குச் சுரம் வழுக்கலாம், அசைக்கலாம். பாரதியும் தாகூரும் ஆர்மோனியத்தில் இல்லை என்று வருந்திய அந்த நடு இடம் பேஸ் கித்தாரில் திரும்பக் கிடைக்கிறது. உ. ஸ்ரீநிவாஸ் எட்டுக் கம்பி மாண்டலினைக் கைவிட்டு ஐந்து கம்பி மின் மாண்டலினில் கர்நாடக இசையை வாசித்துக் காட்டியதும் இதே அறிவின் இன்னொரு முகம். ஆர்மோனியத்தால் முடியாததைச் சரிசெய்ய நினைத்தவர்கள் வாத்தியத்தை வெறுத்து ஒதுக்கவில்லை. வேறொரு வாத்தியத்தைப் பிரித்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

இங்கே வேறொரு மறுப்பு எழும். பழைய வாத்தியம் வரலாற்றுச் சான்று. அதைப் பிரித்து மாற்றினால் சான்றே அழிந்துபோகாதா? 1960-களின் கித்தாரை ஒரு திருகாணிகூட மாற்றாமல் வைத்திருந்தால்தான் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுப்பார்கள். பிரெட் பிடுங்கியது, மறுவர்ணம் பூசியது என்றால் விலை சரிந்துவிடும். சேகரிப்பு என்ற நோக்கில் இது சரி. ஆனால் இந்தியாவில் மிகப் பெருமையோடு பேசப்படும் வாத்தியங்களையே எடுத்துப் பாருங்கள். டி.என். ராஜரத்தினம் பிள்ளை, நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து திமிரி நாகஸ்வரத்தை நீட்டிப் பாரி நாகஸ்வரமாக்கினார். அவருடைய சீடரும் தாமிரபரணிக் கரை மைந்தருமான காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) அந்த நாதத்தைத் தெற்குச் சீமையின் ஊர் ஊராகக் கொண்டுசென்றார். அந்த நாகஸ்வரத்துக்கு ஆச்சா மரம் வேண்டும். அதுவும் புது மரம் ஆகாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல்லாண்டு காய்ந்து இறுகிய உத்திரக்கட்டைதான் நல்லது. ஒரு தலைமுறை உறங்கிய வீட்டின் கட்டை அடுத்த தலைமுறைக்கு நாதமாகிறது. அந்த உத்திரத்தை அப்படியே பாதுகாத்திருக்க வேண்டும் என்று யார் சொல்வார்கள்? நம் மரபு பொருளைப் பாதுகாத்த மரபு அல்ல. பொருளைப் பயன்படுத்திப் பயன்படுத்தி நாதத்தைப் பாதுகாத்த மரபு. மாற்றிய தடங்களை அழிவு என்று கொள்ளாமல் ஆவணமாகப் படிக்கக் கற்றுக்கொண்டால் இந்த மறுப்பு தானே தளர்ந்துவிடும்.

கடைசி மறுப்பு எனக்குக் கடினமானது. இந்தத் தொழிலாளர்களைப் பற்றி எழுத்துச் சான்று இல்லையே, எதை வைத்து வரலாறு எழுதுவது என்று கேட்பார்கள். கிட்டப்பாவுக்கு இசைத்தட்டு இருக்கிறது. அவருடைய மேடைப் பெட்டியின் ரீடைச் சுருதி சேர்த்தவருக்குக் கல்வெட்டுமில்லை, கடிதமுமில்லை. 1446-ல் கட்டத் தொடங்கிய தென்காசி விசுவநாதர் கோயிலைப் பற்றிப் பாண்டியன் கல்லில் எழுதி வைத்தான். வாத்தியக் கடைக்காரர் கணக்கு நோட்டைக்கூட வைக்கவில்லை. உண்மைதான். ஆனால் எழுத்தில்லாத தொழிலுக்கு அந்தத் தொழிலின் பொருளே சான்று. ஒரு பழைய பெட்டியைத் திறந்தால் ரீடுத் தகட்டில் செய்த ஊரின் முத்திரை இருக்கிறது. நாக்கின் நுனியிலும் அடியிலும் சுரண்டிய கோடுகள் இருக்கின்றன. எந்தச் சுரத்தில் கோடுகள் அதிகம் என்று பார்த்தால் அந்தப் பெட்டி எந்தச் சுருதிக்குச் சேவகம் செய்தது என்று தெரியும். துருத்தியில் ஒட்டிய காகிதம் பழைய நாடக நோட்டீசாகவே இருக்கலாம். பேஸ் கித்தாரில் எந்தப் பிரெட் தேய்ந்திருக்கிறது என்பது எந்தப் பாட்டுகள் அதிகம் கேட்கப்பட்டன என்பதற்குக் கணக்கு. இவற்றைப் படிக்க வேண்டியவர்கள் நாம்தான், காலமும் குறைவு. மின் சுருதிப்பெட்டியும் கீபோர்டும் வந்த பிறகு பழைய பெட்டிகள் பித்தளை எடைக்குப் போகின்றன. எடைக்கு விழுகிற ஒவ்வொரு ரீடும் படிக்காமல் போன ஒரு பக்கம்.

ஆகவே செய்ய வேண்டியது ஏக்கப் பெருமூச்சு அல்ல. 2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசிக்கு இன்னும் எழுதப்படாத வரலாறு நிறைய இருக்கிறது. அதில் ஓர் அத்தியாயம் வாத்தியத் தொழிலுக்கு வேண்டும். கல்லூரி மாணவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பழைய பெட்டி வைத்திருப்பவர்களிடம் அது எவரிடமிருந்து வந்தது, யார் பழுது பார்த்தார், என்ன மாற்றினார் என்று கேட்டு எழுதலாம். மேல்பலகையைக் கழற்றி உள்ளே படம் எடுக்கலாம். ரீடு சுருதி சேர்க்கத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே அந்தக் கைவேலையைக் காணொளியாகப் பதிவு செய்யலாம். இசைப் பள்ளிகளில் வாய்ப்பாட்டும் வாத்தியமும் கற்பிப்பதைப்போல் வாத்தியம் பழுது பார்ப்பதையும் ஒரு பாடமாக வைக்கலாம். அது வேலைவாய்ப்பும் தரும். பழைய வாத்தியம் வாங்குகிற இளைஞனுக்கும் ஒரு கடமை உண்டு: முன்பு வைத்திருந்தவரின் பெயரையும், தான் செய்யும் மாற்றத்தையும், நாளையும் ஒரு தாளில் எழுதி வாத்தியத்துக்குள்ளேயே வைத்துவிடுவது. பாடியவர்களைக் கொண்டாடத் தெரிந்த நாம், அவர்கள் பாடுவதற்குச் சுருதி பிசகாத ஒரு பெட்டியைத் தயார் செய்து கொடுத்தவர்களையும் வரலாற்றில் பெயரோடு எழுத வேண்டும். அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இந்த ஊர்களில் இருக்கிறார்கள்.